மூன்று சென்ட் மனையில் கிணறும் உறிஞ்சுகுழியும்

கோயம்புத்தூரிலிருந்து மன்னார்க்காடு செல்லும் சாலை தமிழ்நாட்டைக் கடந்து கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தினுள் புகும் இடத்தில் ஆனைகட்டி என்னும் ஊர் அமைந்துள்ளது. ஊரின் ஒரு பகுதி தமிழ்நாட்டையும் மறுபகுதி கேரளத்தையும் சேர்ந்தது. அட்டப்பாடிப் பள்ளத்தாக்கின் கிழக்கு வாயிலாக விளங்கும் இவ்விடத்தில், தொன்றுதொட்டு வாழும் இருளர் முதலிய மலைவாழ் மக்களோடு, இரு மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோரும் வசிக்கின்றனர். இங்கு வீடு கட்ட முற்படும் குடும்பம் எதுவாயினும், சுவர் எழுப்புவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டியுள்ளது. குடிநீர்க் கிணறு எங்கே அமைவது? கழிப்பிடத்தின் நீரை ஏற்கும் குழி எங்கே அமைவது?

அரை ஏக்கர் தோட்டமுடையவர்க்கு இது ஒரு பொருட்டன்று. கிணறு ஒரு மூலையிலும் குழி மற்றொரு மூலையிலும் அமைந்துவிடும். ஆனால் கேரளத்தின் பெரும்பகுதியில் இன்று வீட்டு மனை என்பது 3 சென்ட், 5 சென்ட் என்ற அளவில் சுருங்கி நிற்கிறது. நிலமற்ற குடும்பங்களுக்காகக் கேரள அரசு 2013 ஆம் ஆண்டில் மேற்கொண்ட திட்டத்தில் வழங்கப்பட்ட மனையும் குடும்பம் ஒன்றுக்கு 3 சென்ட்தான். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆகவே 3 சென்ட் மனையின் முழுப் பரப்பு ஏறக்குறைய 121 சதுர மீட்டராகும். வீடு, கிணறு, கழிப்பிடம், குழி, நடைவழி ஆகிய யாவும் இதற்குள் அடங்க வேண்டும்.

கேரளத்தில் 2011 ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 860 பேர் வசித்தனர். நூற்றுக்கு 95 வீடுகளில் கழிப்பிடம் இருந்தது. இது பெருமைக்குரியதே. ஆனால் அதே கணக்கில், நூற்றுக்கு 62 குடும்பங்கள் குடிநீருக்குக் கிணற்றையே நம்பியிருந்தன என்றும் காண்கிறோம். மலைநாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 70, இடைநாட்டில் 150, கடற்கரையில் 200 என்ற அளவில் கிணறுகள் நெருங்கியுள்ளன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழி உள்ளது; பெரும்பாலான வீடுகளில் ஒரு கிணறும் உள்ளது; இரண்டிற்கும் இடையில் இருப்பது சில மீட்டர் மண் மட்டுமே.

தொட்டி செய்வதும் செய்யாததும்

செப்டிக் தொட்டி என்பது புதிய கண்டுபிடிப்பன்று. பிரான்ஸ் நாட்டில் லூயி மூரா என்பவர் 1860 ஆம் ஆண்டை ஒட்டி இதன் முன்மாதிரியை அமைத்து, 1881 இல் அதற்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்தின் பொறியியலரான டொனால்ட் கேமரன் 1895 ஆம் ஆண்டில் தாம் அமைத்த தொட்டிக்குச் 'செப்டிக்' என்னும் பெயரை இட்டார். அழுகுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

தொட்டியினுள் நடைபெறுவது எளிய செயலே. கழிப்பிடத்திலிருந்து வரும் நீர் ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் தங்குகிறது. கனமான பொருள்கள் அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே ஏடாக மிதக்கின்றன. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கசடின் ஒரு பகுதியைச் சிதைத்து வாயுவாக மாற்றுகின்றன. நடுவிலுள்ள நீர் மறுபுறக் குழாய் வழியே வெளியேறுகிறது.

இந்த வெளிநீரைப் பற்றியே பொதுமக்களிடையே தவறான எண்ணம் நிலவுகிறது. தொட்டி கட்டிவிட்டால் கழிவு 'தீர்ந்துவிடும்' எனப் பலர் கருதுகின்றனர். தொட்டி எடுத்துக்கொள்வது அழுக்கின் ஒரு பகுதியைத்தான், நீரை அன்று. 500 லிட்டர் உள்ளே சென்றால் 500 லிட்டர் வெளியே வந்தே தீரும். அவ்வாறு வரும் நீர் பார்வைக்குச் சற்றுத் தெளிந்திருப்பினும், நோய் விளைக்கும் கிருமிகள் அதில் நிறைந்தேயுள்ளன. அவற்றை மெய்யாக வடிப்பது உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண். சிறு மனையில் பற்றாக்குறையாவது இந்த மண்ணே. தொட்டிக்கு வேண்டிய இடம் மிகச் சிறிது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2470 ஆம் எண் நியமப்படி, ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் 1 மீட்டர் நீராழமும் உள்ள தொட்டி போதும். ஒரு கட்டிலின் இடம்கூட அதற்குத் தேவையில்லை.

ஆகவே சிறு மனைக்கு அனுமதி கோரும்போது தொட்டியின் அளவைப் பற்றி மட்டும் பேசுவது, நோயாளியை விட்டுவிட்டு மருந்துப் புட்டியின் அளவைப் பற்றிப் பேசுவது போன்றதாகும்.

வட்டங்களின் கணக்கு

கேரளத்தின் கட்டட விதிகள் இப்பொருளில் தெளிவானவை. 1999 ஆம் ஆண்டு நகராட்சிக் கட்டட விதிகளிலும், அவற்றைப் பின்பற்றி ஊராட்சிகளுக்கென 2011 இலும் 2019 இலும் வெளியான விதிகளிலும் ஒரே கொள்கை காணப்படுகிறது. மக்கள் பருகும் நீருக்காக ஏற்கெனவே உள்ள கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் ஆரத்திற்குள் உறிஞ்சுகுழியோ மலக்குழியோ செப்டிக் தொட்டியோ அமைத்தல் ஆகாது. பொது விதியாக, மனையின் எல்லையிலிருந்து 1.2 மீட்டருக்குள்ளும் ஆகாது. கிணறு வெட்டுவோர்க்கும் எல்லையிலிருந்து 1.5 மீட்டர் விடவேண்டும் என்ற விதி உண்டு.

7.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 176.7 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 4.4 சென்ட். ஒரு கிணறு தன்னைச் சுற்றி வேண்டும் காவல் நிலம், 3 சென்ட் மனை முழுவதையும் விடப் பெரியது! இந்திய நியமமோ இன்னும் கண்டிப்பானது. மண்ணில் ஊறவிடும் அமைப்பு குடிநீர் நிலையிலிருந்து 18 மீட்டரும், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என அது கூறுகிறது. 18 மீட்டர் வட்டம் ஏறக்குறைய 25 சென்ட் நிலத்தைக் கவர்கிறது. 3 சென்ட் மனையில் அதைக் கடைப்பிடிப்பது எவ்வாற்றானும் இயலாது. எனவே மாநில விதியின் 7.5 மீட்டர் என்பது பாதுகாப்பின் உச்ச அளவன்று. நெருக்கடியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கீழெல்லை என்றே அதைக் கொள்ளுதல் தகும்.

இனி ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சாலையை ஒட்டிய அகலம் 9 மீட்டர். உள்நோக்கிய நீளம் 13.5 மீட்டர், பரப்பு 3 சென்ட். 1.5 மீட்டர் விட்டமுள்ள கிணறு ஒன்றைச் சாலையிலிருந்து 2 மீட்டரும் இடப்பக்க எல்லையிலிருந்து 1.5 மீட்டரும் விட்டு முன்புறத்தில் அமைப்பதாகக் கருதுக. 1 மீட்டர் விட்டமுள்ள உறிஞ்சுகுழியைப் பின்புறத்து வலப்பக்க மூலையில், இரு எல்லைகளிலிருந்தும் 1.2 மீட்டர் விட்டு அமைக்கலாம். அப்போது கிணற்றின் ஓரத்திற்கும் குழியின் ஓரத்திற்கும் இடையில் 9.1 மீட்டர் கிடைக்கிறது. தொட்டியையும் பின்புறத்து எல்லையை ஒட்டிய பட்டையிலேயே வைத்தால் அதுவும் 7.5 மீட்டருக்கு வெளியே நிற்கும். ஆனால் கிணற்றைச் சாலையிலிருந்து 2 மீட்டருக்குப் பதிலாக 3 மீட்டர் உள்ளே தள்ளிவிட்டால், அதன் நேர் எதிரே வைக்கப்படும் தொட்டி வட்டத்திற்குள் அகப்பட்டுக்கொள்ளும். சிறு மனையில் ஒரு மீட்டரின் விலை இத்தகையது.

இதுவரை சொன்னது ஒரே மனையின் கணக்கு. அண்டை மனையும் 9 மீட்டர் அகலமுடையதே. அதிலும் கிணறு இதே இடத்தில் முன்புறம் அமைந்துள்ளது எனின், அக்கிணற்றுக்கும் இம்மனையின் குழிக்கும் இடையில் 8.6 மீட்டர் இருக்கும். பின்புறத்து மனையினர் தம் குழியைத் தம் பின்னெல்லையிலும் கிணற்றைத் தம் சாலைப் பக்கத்திலும் அமைத்தால், குழிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி ஒரே வரிசையிலும், கிணறுகள் இரு சாலைகளையும் ஒட்டி இரு வரிசைகளிலும் நிற்கும். யாவரும் விதிக்குள் அடங்குவர்.

ஒருவர் மட்டும் வரிசையை மீறுவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து மனையினர் தம் கிணற்றைப் பின்புறத்தில், பொது எல்லையிலிருந்து விதிப்படி 1.5 மீட்டர் விட்டு வெட்டியுள்ளார். இம்மனையினர் எல்லையிலிருந்து விதிப்படி 1.2 மீட்டர் விட்டுக் குழி தோண்ட எண்ணுகிறார். இருவரும் எல்லையைப் பற்றிய விதியை வழுவாமல் காத்தவரே. ஆயினும் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தொலைவு 2.7 மீட்டர்! விண்ணப்பம் நிராகரிக்கப்படும், நிராகரிக்கப்படத்தான் வேண்டும். ஏற்கெனவே உள்ள கிணற்றையே விதி காப்பதால், முதலில் கிணறு வெட்டியவர் அண்டை வீட்டாரின் நிலத்திலும் ஒரு வட்டத்தை வரைந்துவிடுகிறார். பின்னர் வீடு கட்ட வருபவர், தாம் அறியாமலே, தம் மனையின் பாதியை இழந்து நிற்கிறார்.

ஆகவே சிறு மனைகளில் அனுமதி என்பது தனித்தனி மனையின் செய்தியன்று. நிலத்தைப் பகுத்து விற்கும்பொழுதே, அல்லது குடும்பங்களுக்கு வழங்கும்பொழுதே, கிணற்று வரிசை எது, குழி வரிசை எது என்று வரைபடத்தில் இரு கோடுகள் இடப்பட்டால், பின்னர் எழும் வழக்குகளில் பெரும்பகுதி எழவே மாட்டா. இதற்குச் செலவு ஒரு பென்சிலுக்கு ஆவதே.

மண்ணைக் கேட்டறிதல்

இடம் கிடைத்தபின், மண் அந்நீரை ஏற்குமா என்பதை அறிய வேண்டும். இதற்கான சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். உறிஞ்சும் அமைப்பு எவ்வளவு ஆழத்தில் அமையுமோ அவ்வளவு ஆழத்திற்கு, 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை விட்டமுள்ள துளை ஒன்று தோண்டப்படுகிறது. கடப்பாரை பட்டு மெழுகியதுபோல் ஆன பக்கங்களைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 சென்டிமீட்டர் பருமணலோ பொடிச் சரளையோ இடவேண்டும். அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் மண் ஊறுமாறு விடவேண்டும். மறுநாள் நீர்மட்டத்தைச் சரளைக்கு மேல் 15 சென்டிமீட்டராக வைத்து, அரைமணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்குகிறது என அளந்து, ஒவ்வொரு முறையும் மட்டத்தைத் திரும்ப நிரப்ப வேண்டும். நான்கு மணி நேரம் இவ்வாறு செய்து, கடைசி அரைமணியின் இறக்கத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நிமிடங்களே அம்மண்ணின் ஊறல் எண்ணாகும்.

முதல் நாள் இரவு ஊறவிடுவதை வேலையாட்கள் வீண் வேலையாக நினைத்து விட்டுவிடுவதுண்டு. காய்ந்த மண் தாகமுள்ள விலங்கைப்போல முதல் நீரைக் குடித்துவிடும். அதைக் கொண்டு அளந்தால் எம்மண்ணும் நன்மண்ணாகவே தோன்றும். குழியைச் சூழ்ந்த மண்ணோ ஆண்டு முழுவதும் நனைந்தே இருக்கப்போகிறது.

ஊறல் எண் 30 க்கு மேற்பட்டால் குழி பொருந்தாது. ஆழமற்ற நீண்ட ஊறல் அகழிகளே வேண்டும். 60 க்கு மேற்பட்டால் மண்ணில் விடுவதையே கைவிட வேண்டும். ஊறல் எண்ணின் வர்க்கமூலத்தைக் கொண்டு 204 ஐ வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண்பரப்பு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் ஏற்கும் என்பது கிடைக்கும். அரைமணியில் 30 மில்லிமீட்டர் இறங்கிய மண்ணுக்கு ஊறல் எண் 25. அதன் வர்க்கமூலம் 5. ஆகவே சதுர மீட்டருக்கு 40.8 லிட்டர். ஐந்து பேர் குடும்பம் குளியல், சமையல், கழிப்பிடம் யாவற்றிற்கும் சேர்த்து நாளொன்றுக்கு 500 லிட்டர் வெளிவிடுமானால் 12.25 சதுர மீட்டர் ஊறும் பரப்பு வேண்டும். 1 மீட்டர் விட்டமும் 2 மீட்டர் பயனுள்ள ஆழமும் உள்ள குழியின் பக்கப்பரப்பு 6.28 சதுர மீட்டர். ஆதலின் இரண்டு குழிகள் தேவை. ஒரு குழி மற்றொன்றின் மண்ணைக் கெடுக்காதிருக்க, இடையில் விட்டத்தைப்போல் மும்மடங்கு இடைவெளி வேண்டும். மேலே கண்ட மனையின் பின்பட்டையில் பக்க எல்லைகள் போக எஞ்சும் 6.6 மீட்டரில் இரு குழிகளும், அவற்றின் நடுவே தொட்டியும் எப்படியோ அடங்கிவிடுகின்றன.

ஆனால் மண் சற்றே இறுகியதாக இருந்து, அரைமணியில் 15 மில்லிமீட்டரே இறங்கினால், ஊறல் எண் 50 ஆகிறது. குழியே பொருந்தாது, அகழிக்கு 17 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வேண்டும், அதற்கு இடமில்லை.

இங்கே ஒரு வழி உண்டு. 500 லிட்டரில் கழிப்பிடத்து நீர் மிகச் சிறு பகுதியே. வாளியால் நீரூற்றிக் கழுவும் கோப்பையாயின் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 லிட்டரே குழிக்குச் செல்லும். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் தனிக்குழாயில் வாழைப் பாத்திக்குச் சென்றால், குழிக்கு வருவது 50 லிட்டராகக் குறைகிறது. கொல்லையில் சலதாரை ஓரத்தில் வாழை வைத்த பழைய வழக்கம் வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று. இவ்வளவு குறைந்த நீருக்குத் தொட்டியும் தேவையில்லை. ஒன்று மாற்றி ஒன்று பயன்படும் இரட்டைக் குழிகள் போதும். ஒரு குழி நிரம்பியதும் நீரை மற்றொன்றுக்குத் திருப்பி, நிரம்பியதை ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் மூடிவைத்தால், அதிலுள்ளது மட்கி உரமாகிறது. நடுவண் அரசின் பொதுநலப் பொறியியல் கையேட்டில் இம்முறைக்கு இடமளிக்கப்பட்டுள்ளது. குழியின் அடி நிலத்தடி நீரின் உச்ச மட்டத்திற்கு 2 மீட்டர் மேலே இருந்து, மண்ணும் நுண்ணியதாக இருப்பின் கிணற்றிலிருந்து 3 மீட்டர் தொலைவுகூடப் போதும் எனவும், மட்டம் உயர்ந்த இடங்களில் 10 மீட்டர் வேண்டும் எனவும் அக்கையேடு வகுக்கிறது. இது மண்ணின் இயல்பைக் கொண்டு வகுத்த கணக்கு. கேரளத்தில் அனுமதிக்கு மாநில விதியின் 7.5 மீட்டரே செல்லும் என்பதை மறத்தல் கூடாது.

பாறையின் இயல்பு

ஊறல் சோதனையில் ஒரு பொறி உள்ளது. அது மண் நீரை ஏற்குமா என்பதைக் கூறுகிறதேயன்றி, அந்நீரைத் தூய்மையாக்குமா என்பதைக் கூறுவதில்லை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை எனலாம். நீரை விரைந்து உறிஞ்சும் பருமணலும் வெடிப்புள்ள பாறையும் கிருமிகளையும் விரைந்தே கடத்துகின்றன. நீர் சில நிமிடங்களில் மறைந்துவிட்டது என்று மகிழ்பவர், அது எங்கே மறைந்தது எனவும் கேட்க வேண்டும்.

ஆனைகட்டியில் இக்கேள்வி மிகவும் பொருந்தும். அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரை எட்டினும், மலைகளின் மறைவிலுள்ள கிழக்குப் பகுதியில் அது 1,000 மில்லிமீட்டருக்கும் குறைவே. அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழமையான கடினப் பாறை. (சார்னோக்கைட் என்பது கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து பெயர் பெற்ற பாறை, சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகளிலும் இதுவே உள்ளது.) இப்பாறையின் மேல் சிதைந்த பகுதி ஒன்றும், அதன் கீழ் வெடிப்புகளும் உள்ளன. கிணற்று நீர் தங்குவதும் நகர்வதும் இவற்றிலேயே. சிதைந்த பகுதியில் மெதுவாக நகரும் நீர், வெடிப்பு ஒன்றை அடைந்துவிட்டால் குழாயில் ஓடுவதுபோல் ஓடும். ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிக் காவல் நிலம் வகுக்கும்போது மீட்டரை விட நாளையே அளவாகக் கொள்கின்றனர். கிருமி கிணற்றை அடைய 50 நாள் ஆகும் தொலைவு எதுவோ அதுவே எல்லை. நுண்மணலில் அது சிறிய தொலைவாக இருக்கலாம். வெடிப்புப் பாறையிலோ 7.5 மீட்டரைக் கடக்க ஒரு நாளும் வேண்டாதிருக்கலாம்.

லண்டனில் 1854 ஆம் ஆண்டு பிராட் தெருவில் பரவிய வாந்திபேதியில் 616 பேர் இறந்தனர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அத்தெருவின் நீரிறைப்பியே காரணம் எனக் காட்டியது யாவரும் அறிந்ததே. பின்னர் அவ்விடத்தை அகழ்ந்து பார்த்தபோது, அடுத்த வீட்டின் இடிந்த மலக்குழி கிணற்றிலிருந்து 3 அடிக்கும் குறைவான தொலைவில் இருந்தது. ஒருவரின் குழி, பலரின் கிணறு.

பாறைப் பகுதியில் சில முன்னெச்சரிக்கைகள் பயன் தரும். மண் ஆழம் குறைவாக உள்ள இடத்தில் குழியை ஆழமாக்குவது தவறு. அகலமாகவும் மேலோட்டமாகவும் அமைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்திற்கு நுண்மணல் நிரப்பி, அடியை மூடிவிடுவது நலம். பாறை தென்பட்டதும் வெடிவைத்து ஆழப்படுத்துவது எல்லாவற்றிலும் கேடானது. அவ்வெடியே புதிய வெடிப்புகளைத் திறந்துவிடும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர், உறைக்குழாயைச் சிதைந்த பகுதி முழுவதையும் கடந்து உறுதியான பாறை வரை இறக்கி, குழாய்க்கும் துளைக்கும் இடையிலுள்ள வெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்கவேண்டும். இல்லையேல் அவ்வெளியே மேல்நீர் இறங்கும் வழியாகிவிடும்.

காலத்தையும் நோக்கவேண்டும். கோடையில் 6 மீட்டர் கீழே கிடந்த கிணற்று நீர், மழைக்காலத்தில் 1 மீட்டருக்கு ஏறிவரக்கூடும். பங்குனியில் சோதனை செய்து அனுமதி பெற்ற குழி, ஐப்பசியில் நிலத்தடி நீரினுள்ளேயே அமிழ்ந்து நிற்கும். ஆகவே கிணற்றின் உட்சுவரில் மழைக்கால நீர் விட்டுச்சென்ற கறைக் கோட்டை அளந்து, அதனையே உச்ச மட்டமாகக் கொள்வது அறிவுடைமை.

இடுக்கி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் இன்னொரு தொல்லை சேர்கிறது. அங்கு மனைகள் படிக்கட்டுப்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன. மேல்மனையின் குழி கீழ்மனையின் கிணற்றிலிருந்து கிடைமட்டமாக 8 மீட்டர் விலகியிருப்பினும், நீர் சரிவை நோக்கியே செல்லுமாதலின் அத்தொலைவு முழுப் பயன் தராது. சில இடங்களில் ஊறிய நீர் கீழ்ப்படியின் தடுப்புச் சுவரிலேயே கசிந்து வெளிப்படும். அச்சுவரின் பின்னுள்ள மண் எந்நேரமும் நனைந்திருப்பது சுவருக்கும் நல்லதன்று. சரிவில் மேல்பக்கம் கிணறு, கீழ்ப்பக்கம் குழி என்பது பொது நெறி. ஒருவரின் கீழ்ப்பக்கம் மற்றொருவரின் மேல்பக்கம் என்பதே அதன் இடர்ப்பாடு.

விண்ணப்பமும் சரிபார்ப்பும்

கேரள ஊராட்சிகளில் கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் ஊராட்சிச் செயலரிடம் அளிக்கப்படுகிறது. 125 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைகளுக்கென விதிகளில் தனி அத்தியாயம் உண்டு. சுற்றிலும் விடவேண்டிய வெளியில் அது சில தளர்வுகளை அளிக்கிறது. வீடு கட்ட அவை உதவுகின்றன. ஆனால் கிருமி மண்ணினுள் செல்லும் தொலைவைத் தளர்த்துதல் எந்த அத்தியாயத்தாலும் இயலாது.

2021 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாறுதலால், அபாயம் குறைந்தவை என வகுக்கப்பட்ட சிறு வீடுகளுக்கு, உரிமையாளரும் பதிவுபெற்ற பொறியியலரும் அளிக்கும் சுயசான்றின்பேரில் அனுமதி கிடைக்கும் முறை வந்தது. காலதாமதம் குறைந்தது நன்மையே. எனினும் அண்டை மனையின் கிணறு எங்கே உள்ளது என்பதை நேரில் அளந்து வரைபடத்தில் குறிக்கும் பொறுப்பு, இதனால் முழுவதும் சான்றளிப்பவரின் தோளில் இறங்கிவிட்டது. பல வரைபடங்களில் விண்ணப்பதாரரின் மனை மட்டும் துல்லியமாகவும், அதற்கு வெளியே உள்ள உலகம் வெற்றுத்தாளாகவும் காணப்படும். 7.5 மீட்டர் வட்டமோ அந்த வெற்றுத்தாளில்தான் பெரும்பாலும் விழுகிறது. மனையைச் சுற்றி எத்திசையிலும் 10 மீட்டருக்குள் உள்ள கிணறு, ஆழ்துளைக் கிணறு, குழி ஆகிய யாவற்றையும் குறித்து, வட்டங்களையும் வரைந்து அளித்தால், அனுமதி அளிப்பவர்க்கும் ஐயம் எழாது. பின்னாளில் அண்டை வீட்டாருடன் மனத்தாங்கலுக்கும் இடமிராது.

ஆனைகட்டியில் வரைபடத்தின் வெற்றுத்தாள் சில இடங்களில் வேறொரு மாநிலமாகவே இருக்கலாம். எல்லைக்கு இப்பால் கேரளத்தின் விதிகள். அப்பால் தமிழ்நாட்டின் 2019 ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள். இரண்டு அலுவலகங்கள், இரண்டு விண்ணப்பங்கள். நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் தெரியாது. எல்லையை ஒட்டி ஓடும் கொடுங்கரைப்பள்ளம் பவானியில் சேர்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் மூன்று ஆறுகளுள் ஒன்றாகிய பவானி மீண்டும் தமிழ்நாட்டில் புகுந்து பில்லூர் அணையை அடைகிறது. அந்நீரைக் கோயம்புத்தூர் பருகுகிறது.

7.5 மீட்டர் எவ்வகையிலும் கிடைக்காத மனைக்கு என்ன செய்வது? குழாய்க் குடிநீர் வந்துவிட்ட இடங்களில், நெருங்கிய கிணற்றைக் குடிப்பதற்கன்றிப் பிற பயன்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள உரிமையாளர் உடன்படலாம். அவ்வுடன்பாடு எழுத்தில் இருப்பது நன்று. குழாயில் நீர் வராத கோடையில் எல்லோரும் பழைய கிணற்றையே நாடுவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு பொதுக் கிணறும், மறுகோடியில் ஒரு பொதுத் தொட்டியும் அமைப்பது பொறியியல் முறையில் மிகச் சிறந்தது. யார் தூய்மை செய்விப்பது என்பதில் கருத்து வேற்றுமை எழுவதால் அது அருகியே நடைபெறுகிறது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் உருவாக்கிய உயிரியல் செரிப்புத் தொட்டி போன்ற புதிய சாதனங்கள் அழுக்கை அதிகமாகச் சிதைக்கின்றன. ஆயினும் அவற்றிலிருந்தும் நீர் வெளிவரும். அதற்கும் இடம் வேண்டும். 'உறிஞ்சுகுழி தேவையில்லை' என்று விற்பனையாளர் கூறும்போது, வெளிநீர் எங்கே செல்லும் என்று கேட்டால் விடை பெரும்பாலும் சாலையோரச் சாக்கடையைச் சுட்டும்.

எதையும் ஊறவிட இயலாத இடத்தில் நீர் கசியாத சேமிப்புத் தொட்டியே எஞ்சுகிறது. அதனை அடிக்கடி இறைக்கவேண்டும் என்பதால் வண்டி வரும் வழியையும் அனுமதியின்போதே பார்க்கவேண்டும். சாதாரணச் செப்டிக் தொட்டியையும் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கசடு நீக்கும் கணக்கிலேயே நியமம் அளவிட்டுள்ளது. மூன்றடி நடைவழியின் கோடியில் உள்ள மனைக்கு உறிஞ்சு வண்டி வர முடியாது. குழாய் எட்டும் தொலைவிற்குள் சாலை இருக்கவேண்டும். வண்டி வரவில்லையென்று ஆளை உள்ளே இறக்குவது, 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தொட்டியில் தேங்கும் வாயு ஓரிரு மூச்சிலேயே உயிரைப் போக்கவல்லது.

குழியைத் தோண்டியபின் மூடுவதற்கு முன்பாக, கிணற்றின் ஓரத்திலிருந்து குழியின் ஓரம் வரை நாடாவைப் பிடித்து, அண்டை வீட்டாரின் முன்னிலையில் ஒருமுறை அளந்து, அவ்வளவைக் கட்டி முடித்த வரைபடத்தில் எழுதிவைக்கவேண்டும். மண் மூடிய பிறகு அதனைச் சரிபார்க்க வழியில்லை.